கில்ட்னரின் சட்டை

பாதுகா, கென்டக்கி
ஏப்ரல் 3, 1978

அன்புள்ள ஹார்லனுக்கு,

நெல்டா எழுதிக்கொள்வது. நானும் மகள் ரெஜினாவும் சுகம். ஆறு உன்னைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். இதை உனக்கு வாசித்துக் காட்டும் ஓரன் அண்ணனுக்கும் என் வணக்கம். அண்ணே, சரக்குப் படகில் பதினோரு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு இந்த வேலையும் பார்க்கிறீர்கள். போன கடிதத்தில் என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது என்றீர்களாம். இந்தத் தடவை கோடு போட்ட தாள் வாங்கியிருக்கிறேன்.

நீ கிளம்பிய அன்று வாசலில் நாம் பேசியதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் பின்பக்கக் குழாய் மழையில் கழன்றுவிட்டது. கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கார் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் கிளம்புகிறது. உன் நாய் உன் பழைய பூட்ஸ் மேல்தான் படுக்கிறது. நான் கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது.

மாலைப் பள்ளியில் கணக்குத் தேர்வு முடிந்தது. எண்பத்தொன்று வாங்கியிருக்கிறேன். இனி ஆங்கிலம் ஒன்றுதான் பாக்கி. அதையும் தாண்டிவிட்டால் ஜூன் மாதம் எனக்குப் பள்ளிச் சான்றிதழ். பதினைந்து வயதில் விட்டது, நாற்பத்து மூன்றில். எங்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் விக்லிஃப் சாருக்கு இருபத்தாறு வயது. ஒரே பழுப்பு டைதான் தினமும். அதில் சூப் கறை. வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று முதல் வாரமே சொன்னேன். காது வரைக்கும் சிவந்துபோனார். பிறகு துடைத்துக்கொண்டும் வந்தார்.

அவர் எங்களுக்கு ஒரு நாவல் கொடுத்திருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் எழுதியது. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் புத்தகமாம். முந்நூற்று நாற்பது பக்கம். பகல் வகுப்பில் ரெஜினாவுக்கும் அதே புத்தகம்தான். முதல் வாரம் என்னால் இருபத்திரண்டு பக்கம்தான் போக முடிந்தது. ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது. ஒரு வாசலில் நுழைந்தால் வேறு தெருவில் வெளியே வருகிறோம். சலவைக்கூடத்தில் உலர்த்தும் எந்திரம் ஒரு சுற்று ஓட நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் துணிமூட்டை மேல் உட்கார்ந்து படிக்கிறேன். என்னோடு வேலை செய்யும் பியூலாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடி, ஆஸ்பத்திரிப் போர்வையை யாரு மடிக்கிறது, உன் புத்தகமா?" என்கிறாள். அப்புறம், "சரி, அவன் என்ன ஆனான், அதைச் சொல்லு" என்கிறாள். மடித்துக்கொண்டே சொல்கிறேன். இப்போது நான்கு பேர் கதை கேட்கிறார்கள்.

கதை இதுதான். கில்ட்னர் என்று ஒரு ஆள். அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறார். அவன் ஆற்றுக்கு எதிர்க்கரையில், அப்பாவின் ஜன்னலுக்கு நேராக, மூன்று மாடி ஓட்டல் கட்டி அதிலேயே குடியிருக்கிறான். தினமும் விளக்கைக் கொளுத்தி அந்தக் கிழவரின் கண்ணில் குத்துகிறான். ஆற்றைப் பற்றி மூன்று பக்கம் வருகிறது. அதைப் படித்தபோது உன்னை நினைத்துக்கொண்டேன். தீவைத் தாண்டியதும் நீரோட்டம் வலப்பக்கம் திரும்புவதாக எழுதியிருக்கிறார். நீ இருந்தால், "இந்த ஆளு கரையில நின்னே எழுதியிருக்கான்" என்று சொல்லியிருப்பாய்.

ரெஜினா விஷயம் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டம். என் வகுப்பு ஐந்தரைக்கு. அவள் பாடகர் குழுப் பயிற்சி முடித்து வெளியே வரும் நேரமும் அதுதான். போன வியாழக்கிழமை தோழிகளோடு எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கிற மாதிரி சுவரில் இருந்த குடிநீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, நான் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினேழு வயது. நான் சீருடையோடு போகிறேன், உடம்பெல்லாம் பிளீச்சிங் வாடை. நீயும் இதைப் பற்றி அவளிடம் கேட்காதே.

மழைக்கோட்டை மறக்காமல் போட்டுக்கொள். ஈரக் கயிற்றில் கால் வைக்காதே.

இப்படிக்கு
உன் நெல்டா


பாதுகா
ஏப்ரல் 18

அன்புள்ள ஹார்லன்,

படகு மெம்பிஸ் தாண்டியிருக்கும் என்று கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். ஓரன் அண்ணனின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். கார் இப்போது இரண்டு தடவைதான் இருமுகிறது.

நாவலை முடித்துவிட்டேன். முடித்த கையோடு அழுக்குக் கூடைக்குள் வீசினேன். பியூலா எடுத்துத் துடைத்து, "பள்ளிக்கூடத்துப் புத்தகம்டி" என்று கையில் திணித்தாள். எனக்கு அவ்வளவு கோபம்.

ஏன் என்று சொல்கிறேன். கடைசியில் பெரிய வெள்ளம். ஒன்பது நாள் மழை. ஊரே படகு ஏறிப் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை கடைசிப் படகு. கில்ட்னர் மட்டும் போக மறுக்கிறான். வியாழக்கிழமை காலை தண்ணீர் மூன்றாவது மாடிக்கு வருகிறது. வெள்ளைச் சட்டையும் காகிதம் மாதிரி விறைத்த காலருமாக மாடி முகப்பில் நிற்கிறான். அந்தப் பெரிய வீட்டில் அவன் தன்னந்தனியாக இருந்தான் என்று எழுதியிருக்கிறார். அத்தோடு முடிகிறது. வகுப்பில் இரண்டு பேர் அழுதார்கள். விக்லிஃப் சார் புத்தகத்தை மெதுவாக மூடினார். மனிதனின் தனிமைக்கு இதைப்போல ஒரு காட்சி நம் நாட்டு இலக்கியத்தில் இல்லை என்றார்.

நான் கை தூக்கினேன். "சார், அந்தச் சட்டைய யாரு தேச்சது?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடமாகத் துணியோடு இருக்கிறேன். ஈரக்காற்றில் கஞ்சி நிற்காது. ஒன்பது நாள் மழையில், வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போது, செவ்வாயன்று தேய்த்த காலர் புதன் காலையே வாடிய கீரை மாதிரி தொங்கிவிடும். வியாழன் காலை அது விறைப்பாக இருக்கிறது என்றால், அன்று காலைதான் யாரோ தேய்த்திருக்கிறார்கள். தேய்க்க அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு எரியக் காய்ந்த விறகு வேண்டும். அதை யாரோ மேல்மாடிக்குச் சுமந்திருக்கிறார்கள்.

யார் என்றும் எனக்குத் தெரியும். அந்த ஓட்டலில் ஒரு சலவைக்காரி இருக்கிறாள். திரும்ப முதல் பக்கத்திலிருந்து போய்ப் பென்சிலால் குறித்தேன். பத்தொன்பது இடத்தில் வருகிறாள். கூடையோடு போகிறாள், வென்னீர் தூக்குகிறாள், ஒரு இடத்தில் கைவிரல் வெடித்து ரத்தம் வருகிறது. பெயர் கிடையாது. கடைசிப் படகில் ஏறியவர்களை வரிசையாகச் சொல்கிறார், ஒரு கிளிக்கூண்டு ஏறியதைக்கூடச் சொல்கிறார். இவள் ஏறவில்லை. அப்படியென்றால் அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள், ஹார்லன். அவளும்தான் மூழ்கியிருக்கிறாள். அவன் பெயரைச் சொல்லி ஐம்பது வருடமாக ஊரே அழுகிறது.

விக்லிஃப் சார் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். "இதை எழுதுங்க" என்றார் கடைசியில். "எனக்காக இல்ல. மாவட்டக் கட்டுரைப் போட்டி வருது, அதுக்கு எழுதுங்க."

எழுதுவதற்கு முன் நானே ஒரு தடவை சரி பார்த்துக்கொள்ள நினைத்தேன். இனி சொல்வதற்குக் கோபப்படாதே. உன் கல்யாணச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து, சலவைக்கூடத்தில் ஈரத்துணி அறையில் மாட்டினேன். காலையில் ஏழு மணிக்கு விறைப்பாக நின்றது. பதினொன்றுக்குக் காலர் மடிந்தது. மூன்று மணிக்கு என் கையிலேயே துவண்டு விழுந்தது. நாங்கள் ஐந்து பேரும் சுற்றி நின்று பார்த்தோம். பியூலா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அட்டையில் எழுதினாள். மேற்பார்வையாளர் வந்து, "இங்க என்ன நடக்குது, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், ஐம்பது வருஷம் ஆச்சு" என்றாள் பியூலா. சட்டையைத் திரும்பத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

வாசலில் நீ சொன்னதை இப்போது எழுதுகிறேன். ஓரன் அண்ணனுக்கு நம் வீட்டு விஷயம் எது தெரியாது? "நீ படிச்சு முடிச்சிட்டா உனக்கும் எனக்கும் பேச என்ன இருக்கும்?" என்று கேட்டாய். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். இந்த இரண்டு வாரத்தில் என் தலைக்குள் உன்னோடு பேசிய மாதிரி நாம் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை. வெள்ளம் வந்தால் கயிற்றை எங்கே கட்டுவார்கள், மேல்மாடிக்கு விறகு போக எத்தனை நடை, எல்லாம் உன்னிடம்தான் கேட்டேன். நீ பதிலும் சொன்னாய். நன்றாகவே சொன்னாய்.

ரெஜினா என் கட்டுரையை மேசையில் பார்த்திருக்கிறாள். நான்கு எழுத்துப் பிழையைச் சுழித்துத் திருத்தி வைத்திருந்தாள். அவள் பென்சில்தான், எனக்குத் தெரியும்.

தண்ணீர் ஏறுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். கவனமாக இரு.

உன்
நெல்டா


பாதுகா
மே 8

அன்புள்ள என் ஹார்லனுக்கு,

ஓரன் அண்ணே, இதைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் வாசிக்கலாம். உரக்கவே வாசிக்கலாம்.

போட்டி சனிக்கிழமை பிற்பகல் மாவட்ட நூலகத்தில் நடந்தது. எல்லாப் பள்ளியிலிருந்தும் வந்த கட்டுரைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, எழுதியவர்களையே வாசிக்கச் சொல்வார்கள். அதில் என்னுடையதும் ஒன்று. கடிதம் வந்த அன்று அதை நான்கு தடவை படித்தேன். வேறு யாருக்கோ வந்ததோ என்று உறையையும் திருப்பிப் பார்த்தேன். போட்டிக்கு ஈஸ்டருக்கு வாங்கிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முன்வரிசையில் ஐந்து நாற்காலி. மற்ற நான்கிலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பின்வரிசையில் பியூலாவும் இன்னும் மூன்று பேரும் வேலை முடித்த சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா தோழிகளோடு பக்கவாட்டில் இருந்தாள். அவள் வகுப்பிலிருந்தும் ஒரு பையன் தேர்வாகியிருந்தான், அவனுக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

போட்டியை நடத்துவது மகளிர் வாசகர் சங்கம். அதன் தலைவி திருமதி ஆஷ்கிராஃப்ட் என்னைப் பார்த்து, "உங்க பிள்ளை எங்கம்மா? மேடைக்கு வரச் சொல்லுங்க" என்றார். நான்தான் என்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது மாணவர்களுக்கான போட்டி, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மெதுவாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கூடம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. விக்லிஃப் சார் எழுந்தார், நாற்காலி இடறித் தடுமாறினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், போய்விடலாம் என்றுதான் எழுந்தேன்.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு குரல். "விதியில மாணவர்னுதான் போட்டிருக்கு. வயசு எங்க எழுதியிருக்கு?"

நம் ரெஜினா. எழுந்து நிற்கிறாள். முகமெல்லாம் சிவப்பு.

"அவங்க எங்க ஸ்கூல்தான். எனக்கு இருக்கிற அதே பாடம், அதே புத்தகம். பகல் முழுக்க வேலை பார்த்துட்டு வந்து படிக்கிறாங்க. அவங்க என் அம்மா. அவங்க வாசிக்கட்டும்."

பிறகு தோழிகள் பக்கத்திலிருந்து வந்து, பியூலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பியூலா நகர்ந்து இடம் கொடுத்ததை முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அந்த நிமிடமே எனக்குப் பரிசு கிடைத்துவிட்டது. அதற்கு மேல் நடந்ததெல்லாம் உபரிதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக நடந்தது.

விதிகளைப் படித்துப் பார்த்தார்கள். வயது பற்றி ஒன்றும் இல்லை. திருமதி ஆஷ்கிராஃப்ட், "மன்னிக்கணும், வாங்க" என்று தானே மைக்கை இறக்கிக் கொடுத்தார். வாசித்தேன். முதல் பக்கம் முழுக்க என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்தொன்பது இடத்தையும் பக்க எண்ணோடு சொல்லும்போது குரல் வந்துவிட்டது. சட்டைக் கணக்கைச் சொன்னபோது பின்வரிசையில் பியூலா எழுந்து, அந்த அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவளை யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் கேள்வி. முதல் வரிசைப் பையன் ஒருவன், புத்திசாலிப் பையன், "கில்ட்னரே தேச்சிருக்கலாமே?" என்றான். "இருக்கலாம் தம்பி. அவரு தன்னோட காப்பியத் தானே ஊத்திக்கிட்டதா முந்நூத்தி நாப்பது பக்கத்துல ஒரு இடம் காட்டு, நான் உக்காந்துடறேன்" என்றேன். கூடமே சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

திருமதி ஆஷ்கிராஃப்ட் விடவில்லை. எழுதியவர் அந்தப் பெண்ணை மறந்திருப்பார், அவ்வளவுதான், அதற்காக ஒரு பெரிய நாவலைக் குறை சொல்லலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்திருந்தேன். "நான் குறை சொல்லலம்மா" என்றேன். "நான் முதல் முதலா முழுசாப் படிச்ச நாவல் இது. ஆத்தப் பத்தி எழுதின அந்த மூணு பக்கத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். எழுதினவரு அவள மறந்திருக்கலாம். ஆனா சட்டை மறக்கல. புத்தகம் அவ்வளவு நல்லா எழுதியிருக்கறதாலதான் அதுவே அவளக் காட்டிக் கொடுக்குது."

நடுவராக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். வெளுத்த தாடி, மெலிந்த ஆள். எழுந்து வந்தவர், மேடையில் ஏறாமல் கீழேயே நின்று பேசினார். இந்தப் புத்தகத்தை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறாராம். அந்தக் கடைசிப் பக்கம் மனப்பாடமாம். "அந்த வீட்டுல இன்னொருத்தங்க இருந்தாங்கன்னு எனக்கு ஒரு நாளும் தோணல. திங்கட்கிழமை வகுப்புல போய் என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். பேர எப்படி எழுதணும்?" என்று கேட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

முதல் பரிசு எனக்குத்தான், ஹார்லன். ஒரு பெரிய அகராதியும் நீல நாடாவும். அகராதி நம் நாயைவிடக் கனம். விக்லிஃப் சார் வாசலில் கையைக் குலுக்கி, ஆங்கிலத்தில் நான் தேறியாயிற்று என்று சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஜூன் ஒன்பதாம் தேதி மாலை ஆறு மணிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அன்றைக்குள் படகில் உன் முறை முடிந்துவிடும், கணக்குப் பார்த்துவிட்டேன்.

வரும் வழியில் பார்பிக்யூ வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம், ரெஜினா, பியூலா, மற்ற மூன்று பேர், ஆறு பேர் ஒரே காரில். அந்த நெரிசலில் நாடாவில் சாஸ் கொட்டிவிட்டது. ஐந்து சலவைக்காரிகள் இருந்தும் யாரும் துடைக்கவில்லை, அவ்வளவு பசி. ரெஜினா, "அந்தப் பொம்பளைக்கு நீ ஏன் ஒரு பேர் வைக்கல?" என்று கேட்டாள். யாரோ ஒருவரின் பெயரை நாம் ஊகித்துச் சொல்லக்கூடாது, அவளே வந்து சொன்னால்தான் உண்டு என்றேன். இன்று திங்கட்கிழமை. ரெஜினா பாடகர் குழு முடிந்து எனக்காக வகுப்பு வாசலில் காத்திருந்தாள், என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டாள்.

இனி ஒரு விஷயம். செப்டம்பரில் செவ்வாய், புதன் மாலைகளில் ஒரு புது வகுப்பு தொடங்குகிறது. எழுத்துக் கூட்டுவதிலிருந்து சொல்லித் தருகிறார்கள். பெரியவர்கள் மட்டும்தான். தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர் சேர்ந்திருக்கிறார், உன்னைவிட ஏழு வயது மூத்தவர். உன் பெயரை நான் கொடுக்கவில்லை. என்னைக் கேட்காமல் யாராவது என் பெயரைக் கொடுத்தால் எனக்குப் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது. இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றார்கள். படகில் இருக்கும் வாரங்களுக்குப் பாடத்தைக் கையில் கொடுத்தும் அனுப்புவார்களாம். நீ வேண்டாம் என்றால் இதைப் பற்றி நான் மறுபடி பேச மாட்டேன். ஆனால் கில்ட்னரின் ஆற்றை நீயே படித்து, "இவன் கரையில நின்னு எழுதியிருக்கான்" என்று என்னிடம் திட்ட வேண்டும். அதைக் கேட்க எனக்கு ஆசை.

ஓரன் அண்ணே, இத்தனை நாள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று குரல் கொடுத்தீர்கள். நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். இத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டு, இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்குத் தனித்தனி எழுத்து தெரியும், சேர்த்து வாசிக்கத்தான் வராது. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். உதவி செய்யாதீர்கள்.

ஹார்லன்
வீட்டுக்கு வா
நான் இருக்கிறேன்
நெல்டா